ஸ்கீமா இல்லாத எக்ஸ்எம்எல் ஃபைலில் எது எண், எது தேதி, எது வெறும் எழுத்து: நீங்களே முடிவெடுக்கும் முறை

எக்ஸ்எம்எல் என்பது டேட்டாவை டேக்குகளுக்குள் வைத்து எழுதும் ஃபைல் வடிவம், ஸ்கீமா என்பது எந்த டேக்கில் என்ன மாதிரி மதிப்பு வரும் என்று சொல்லும் கூடுதல் குறிப்பு. எக்ஸ்எம்எல் ஃபைலோடு ஸ்கீமாவையும் சேர்த்து அனுப்புகிறவர்கள், எனக்குத் தெரிந்து சென்னையில் மிகக் குறைவு. சௌகார்பேட்டை மொத்தக் கடையின் பில்லிங் சாஃப்ட்வேர் எக்ஸ்போர்ட், தி.நகர் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வரும் டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) ஃபைல், அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பின் ஸ்டாக் லிஸ்ட் என்று எதுவானாலும் மெயிலில் ஃபைல் மட்டும் வந்து விழும். போன் போட்டு ஸ்கீமா கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க சார், திறந்து பாருங்க, பார்த்தாலே புரியும்" என்பார்கள். பார்த்தால் நமக்குப் புரியும்தான். 600004 என்றால் மயிலாப்பூர் பின்கோடு, 044 என்றால் எஸ்டிடி கோடு, 1,25,000 என்றால் ஒன்றேகால் லட்சம். நாம் எழுதும் புரோகிராமுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அதன் கண்ணில் எல்லாமே எழுத்துதான்.

எக்ஸ்எம்எல் 1.0 வெளியான 1998-இலிருந்தே இப்படித்தான். டேக்குக்குள் இருப்பது எழுத்துகளின் வரிசை, அவ்வளவே. கூட வந்த டிடிடியாலும் (எந்த டேக்குக்குள் எது வரலாம் என்று சொல்லும் பழைய விதிப்பட்டியல்) "இது முழு எண், இது தேதி" என்று சொல்ல முடியாது. இன்டிஜர் (முழு எண்), டெசிமல் (தசம எண்), டேட் (தேதி) என்ற டைப்புகள் எல்லாம் 2001-இல் வந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமாவோடுதான் வந்தன. ஆகவே ஸ்கீமா வரவில்லை என்றால் டைப்பும் வரவில்லை. அதை நாம்தான் வைக்க வேண்டும். நாம் வைக்காவிட்டால் நாம் பயன்படுத்தும் கருவி தன் இஷ்டத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்ளும், பெரும்பாலும் அதை நம்மிடம் சொல்லாமலே.

கீழே இருக்கும் துண்டை வைத்துப் பேசுவோம். டேக் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேன், எக்ஸ்எம்எல் விதிப்படி அது முழுக்கச் செல்லும்.

<ஆர்டர் எண்="00457">
  <கதவெண்>12/7</கதவெண்>
  <பகுதி>மயிலாப்பூர்</பகுதி>
  <பின்கோடு>600004</பின்கோடு>
  <எஸ்டிடி>044</எஸ்டிடி>
  <விலை>950</விலை>
  <அடக்கவிலை>1200</அடக்கவிலை>
  <தொகை>1,25,000.50</தொகை>
  <தேதி>05/06/2024</தேதி>
  <கட்டியாச்சு>0</கட்டியாச்சு>
  <தள்ளுபடி/>
</ஆர்டர்>

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மதிப்பைப் பார்த்து டைப்பை முடிவுசெய்யாதீர்கள். அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று பார்த்து முடிவுசெய்யுங்கள். எண்ணாகத் தெரியும் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்விதான்: இது கூட்டுவதற்கான எண்ணா, கூப்பிடுவதற்கான எண்ணா? இரண்டு பின்கோடுகளை யாரும் கூட்டுவதில்லை, பத்து வாடிக்கையாளர் எண்களுக்கு யாரும் சராசரி எடுப்பதில்லை. அவை அடையாளங்கள், இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள். பின்கோடு, எஸ்டிடி, போன் நம்பர், இபி இணைப்பு எண், பில் நம்பர், பேங்க் அக்கவுண்ட் நம்பர், ஜிஎஸ்டி மாநிலக் கோடு எல்லாம் இந்த வகை. இவற்றை எழுத்தாகவே விட்டுவிடுங்கள்.

எண்ணாக மாற்றினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 044 வெறும் 44 ஆகும். பில் எண் 00457 வெறும் 457 ஆகும், வேறு வரிசையில் நிஜமாகவே 457 என்று ஒரு பில் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டின் கோடு 33 என்பதால் நம் ஊர் டேட்டாவை மட்டும் வைத்துச் சோதிக்கும்வரை ஒரு கோளாறும் தெரியாது, ஜம்மு காஷ்மீரின் 01 வந்த அன்றைக்குத்தான் தெரியும். நீளமான எண்களில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பல கருவிகள் எண் என்றாலே 64 பிட் டபுளாக (தசமங்களைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வைத்துக்கொள்ளும், அதில் முழு எண்களை விட்டுப்போகாமல் வரிசையாக வைக்க முடிவது 9007199254740992 வரைதான். எக்செல் 15 இலக்கத்தோடு நின்றுவிடும், 16 இலக்க கார்டு நம்பரின் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அதற்கப்புறம் அசல் நம்பரை எங்கிருந்தும் மீட்க முடியாது.

முதல் ஐம்பது வரிகளைப் பார்த்துவிட்டு "எல்லாம் எண்தான்" என்று முடிவுகட்டுவதும் அதே மாதிரிதான். மாநகர பஸ் ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 15 என்று வந்துகொண்டே இருக்கும், இன்டிஜர் என்று வைத்துவிடுவீர்கள், அப்புறம் 29சி வரும், 47டி வரும். கதவெண்ணும் அப்படித்தான். சென்னையில் பாதி வீடுகளுக்குப் புது எண், பழைய எண் என்று இரண்டு உண்டு, 12/7 என்று எழுதுவார்கள். அதை எக்செல்லில் ஒட்டிப் பாருங்கள், தேதியாக மாறியிருக்கும்.

எக்ஸ்பாத் என்ன நினைத்துக்கொள்கிறது

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும், ஏனென்றால் தவறான விடை சத்தமில்லாமல் வருவது இங்கேதான் அதிகம்.

எக்ஸ்எம்எல் ஃபைலுக்குள் வேண்டியதைத் தேடி எடுக்கும் மொழிதான் எக்ஸ்பாத். அதன் 1.0 பதிப்பு வந்தது 1999-இல். அதில் நோட்செட் (டேக்குகளின் தொகுப்பு), ஸ்ட்ரிங் (எழுத்து), நம்பர், பூலியன் (ஆம் அல்லது இல்லை) என்று நாலே டைப். பைத்தானின் எல்எக்ஸ்எம்எல், பிரவுசர்கள், ஜாவாவோடு வரும் எக்ஸ்பாத் எல்லாம் இன்றைக்கும் 1.0தான். எக்ஸ்பாத் 2.0 வந்தது 2007-இல். சாக்ஸன், பேஸ்எக்ஸ் போன்ற கருவிகள் அதற்கு மேற்பட்ட பதிப்புகளில் ஓடுகின்றன. ஸ்கீமா இல்லாத ஃபைலில் இருக்கும் மதிப்புக்கு 2.0 ஒரு தனி டைப் வைத்திருக்கிறது: அன்டைப்டு அட்டாமிக். "இதற்கு டைப் தெரியாது, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அதற்கேற்ப மாறிக்கொள்ளும்" என்று அர்த்தம். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் இருப்பதும் டைப் தெரியாததாக இருந்துவிட்டால்?

நம் ஃபைலில் லாபத்துக்கு விற்ற ஆர்டர்களை மட்டும் எடுக்க இப்படி எழுதுகிறோம்:

//ஆர்டர்[விலை > அடக்கவிலை]

எக்ஸ்பாத் 1.0-இல் பெரிது, சிறிது என்று ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் எண்ணாக மாறும். 950 என்பது 1200-ஐ விடப் பெரிதில்லை, ஆகவே இந்த ஆர்டர் வராது. சரியான விடை. அதே வரியை 2.0-இல் ஓட்டினால் இரண்டு பக்கமும் டைப் தெரியாதவை என்பதால் இரண்டையும் எழுத்தாக ஒப்பிடும். முதல் எழுத்து 9, அந்தப் பக்கம் முதல் எழுத்து 1, எனவே 950தான் பெரிது, நஷ்டத்துக்கு விற்ற சரக்கு லாபப் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். எரர் எதுவும் கிடையாது. பழைய எக்ஸ்எஸ்எல்டி 1.0 (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவுக்கு மாற்றும் மொழி) ஸ்டைல்ஷீட்டின் வெர்ஷன் எண்ணை மட்டும் 2.0 என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துபோகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. வெர்ஷனை 1.0 என்றே விட்டால் புதிய புராசஸர் பழைய விதிப்படியே எண்ணாக ஒப்பிடும், மாற்றிய நொடியில் விடை மாறும். தீர்வு எளிது: இரண்டு பக்கத்தையும் டெசிமலாக நீங்களே மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

ஒரு பக்கத்தில் எண்ணை நேரடியாக எழுதினால், அதாவது

//ஆர்டர்[விலை > 1000]

என்றால் இரண்டு பதிப்பிலும் எண்ணாகத்தான் ஒப்பிடும். மேற்கோள் குறிக்குள் "1000" என்று எழுதினால் 2.0-இல் மறுபடி எழுத்து ஒப்பீடு. அந்த இரண்டு குறிகள் விடையையே மாற்றுகின்றன. எஸ்டிடியிலும் இதே கதைதான், [எஸ்டிடி = 44] என்றால் 044 சிக்கும், [எஸ்டிடி = "44"] என்றால் சிக்காது. ஒப்பீட்டுக் குறிக்குப் பதிலாக ஈக்யூ, எல்டி, ஜிடி (சமம், சிறிது, பெரிது) என்ற சொற்களால் ஒப்பிட்டால் 2.0 டைப் தெரியாததை எப்போதும் ஸ்ட்ரிங்காகவே எடுத்துக்கொள்ளும், எதிரில் எண் இருந்தால் டைப் எரர் சொல்லி நின்றுவிடும். அது கடுமையாகத் தெரிந்தாலும் எனக்கு அதுதான் பிடிக்கும். நிற்கிற புரோகிராமைச் சரிசெய்துவிடலாம், தவறான விடையோடு ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கவே மாதக் கடைசி ஆகிவிடும்.

கூட்டல், கழித்தல் செய்தால் 2.0 டைப் தெரியாததை டபுளாக மாற்றும். பணத்துக்கு டபுள் வேண்டாம். 0.1-ஐயும் 0.2-ஐயும் டபுளில் கூட்டினால் 0.30000000000000004 வரும், பைசா கணக்கில் இது எங்கேயாவது ஒரு ரவுண்டிங்கில் வந்து இடிக்கும். டெசிமலாக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். மொத்தம், சராசரி, மேக்ஸ், மின் எல்லாம் கேட்காமலே டபுளாக்கிக்கொள்பவைதான். அதனால்தான் தேதிகளில் கடைசித் தேதி எது என்று மேக்ஸ் போட்டால் 2.0 எரர் அடிக்கிறது, ஒவ்வொன்றையும் டேட்டாக மாற்றிவிட்டுக் கேட்க வேண்டும்.

வரிசைப்படுத்துதல், குழுவாகப் பிரித்தல், வேறுபட்ட மதிப்புகளை எடுத்தல் இந்த மூன்றும் எழுத்தாகவே நடக்கும். 10, 100, 9 என்று வரிசை வரும். 1-ம் 1.0-வும் இரண்டு வெவ்வேறு குழுக்களாக நிற்கும்.

மாற்ற முடியாதது வந்தால் இரண்டு பதிப்பும் நடந்துகொள்ளும் விதமும் வேறு. யாரோ பின்கோடை 600 004 என்று நடுவில் இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள், நீங்கள் [பின்கோடு = 600004] என்று தேடுகிறீர்கள் என்று வையுங்கள். 1.0 அதை நான் (NaN), அதாவது "எண் இல்லை" என்ற மதிப்பாக மாற்றி, பொருந்தவில்லை என்று தாண்டிப் போய்விடும். 2.0 எரர் சொல்லும். 1.0-இல் ஒரே ஒரு தொகை நான் ஆனாலும் மொத்தக் கூட்டுத்தொகையும் நான்தான், அது நல்லது, குறைந்தபட்சம் கண்ணில் படும். 1,25,000.50 இரண்டிலும் மாறாது, கமா இருக்கிறதே. கூட்டல் குறியோடு வரும் +5-உம், 1E3 போன்ற அறிவியல் குறியீடும் கூட 1.0-இல் நான்தான். 2.0-இல் கேஸ்டபிள் என்று ஒரு சோதனை இருக்கிறது, மாற்றுவதற்கு முன்பே மாறுமா என்று கேட்டுவிடலாம். அதை தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பூலியன்

[கட்டியாச்சு] என்று மட்டும் எழுதினால் "அந்த டேக் இருக்கிறதா" என்றுதான் அர்த்தம். உள்ளே 0 இருந்தாலும் ஃபால்ஸ் என்றே எழுதியிருந்தாலும் விடை ஆம்தான். பணம் கட்டாதவர்கள் எல்லோரும் கட்டியவர்கள் ஆகிவிடுவார்கள். பைத்தானில் ஃபால்ஸ் என்ற சொல்லை ஸ்ட்ரிங்காக பூல் ஃபங்ஷனிடம் கொடுத்தாலும் ட்ரூ என்றுதான் வரும், காலியில்லாத ஸ்ட்ரிங் எல்லாம் அதற்கு ட்ரூ. ஸ்கீமாவின் பூலியன் டைப் ஏற்பது நாலே வடிவம்: சின்ன எழுத்தில் ட்ரூ, ஃபால்ஸ், அப்புறம் 1, 0. நிஜ ஃபைலில் யெஸ், நோ, ஒய், என், ஆம், இல்லை எல்லாம் வரும். எந்தச் சொல் எதற்கு என்று ஒரு பட்டியல் எழுதி, அதில் இல்லாத சொல் வந்தால் நிறுத்துங்கள். "யெஸ் இல்லை என்றால் நோ" என்று எழுதவே வேண்டாம்.

காலி, இல்லாமை, பூஜ்யம்

<தள்ளுபடி/> என்று இருப்பதும், அந்த டேக்கே இல்லாமல் இருப்பதும், உள்ளே 0 இருப்பதும் மூன்று வேறு செய்திகள். "தள்ளுபடி எவ்வளவு என்று எழுதவில்லை", "தள்ளுபடி பற்றிய பேச்சே இல்லை", "தள்ளுபடி கிடையாது". எக்ஸ்பாத் 2.0-இல் காலி ஸ்ட்ரிங்கை டெசிமலாக்கினால் எரர், டேக்கே இல்லையென்றால் காலி விடை, எரர் இல்லை. பைத்தானின் எலிமென்ட்ட்ரீயில் ஃபைண்ட்டெக்ஸ்ட் என்ற மெத்தட் இதை அழகாகப் பிரித்துச் சொல்லும்: டேக் காலி என்றால் காலி ஸ்ட்ரிங், டேக் இல்லை என்றால் நன் (None, பைத்தானில் "ஒன்றுமில்லை" என்ற மதிப்பு). டேக்கைப் பிடித்து அதன் டெக்ஸ்ட்டைக் கேட்டால் காலிக்கும் நன்தான் வரும், அப்போது வித்தியாசம் போய்விடும். எப்படியாவது இந்த மூன்றையும் பூஜ்யமாக்கிவிடாதீர்கள், சராசரி கெட்டுவிடும்.

தேதி

05/06/2024. நம் ஊர்க்காரர் எழுதியிருந்தால் ஜூன் 5. அமெரிக்க செட்டிங்கில் ஓடும் சாஃப்ட்வேர் எழுதியிருந்தால் மே 6. இந்த ஒரு மதிப்பை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. முழு ஃபைலையும் பாருங்கள், முதல் இடத்தில் 12-ஐத் தாண்டிய எண் எங்கேயாவது வருகிறதா, இரண்டாவது இடத்தில் வருகிறதா என்று. முதல் இடத்தில் மட்டும் வந்தால் நாள்தான் முதலில். இரண்டு இடத்திலும் வந்தால் இரண்டு மூலங்கள் கலந்திருக்கின்றன, அனுப்பியவரைக் கூப்பிடுங்கள். எங்கேயுமே வராவிட்டாலும் கூப்பிடுங்கள்.

ஸ்கீமாவின் டேட் டைப் ஏற்பது 2024-06-05 என்ற வரிசையை மட்டும். டேலி எக்ஸ்எம்எல்லில் 20240401 என்று ஒட்டியே வரும். எக்ஸ்பாத் 1.0-இல் தேதி டைப்பே கிடையாது, ஆனால் வருடம் முதலில் வரும் தேதியாக இருந்தால் கோடுகளை எடுத்துவிட்டு 20240605 என்ற எண்ணாக ஒப்பிடலாம், வரிசை மாறாது. கோடுகளை எடுக்காமல் சிறிது, பெரிது என்று ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் நான் ஆகி எப்போதும் பொய் என்றே வரும்.

நேரமும் சேர்ந்து வந்தால் டைம்ஜோன் கேளுங்கள். கடைசியில் இசட் என்ற எழுத்து இருந்தால் அது கிரீன்விச் நேரம், நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 2024 மார்ச் 31, 20:00 இசட் என்பது சென்னையில் ஏப்ரல் 1, அதிகாலை 1:30. தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் அந்த பில் போன நிதியாண்டுக்குப் போய்விடும். ஆடிட்டரிடம் இதை விளக்குவது சுலபமான வேலை இல்லை. ஜோன் குறிப்பே இல்லாவிட்டால் +05:30 என்று நீங்களே சேர்த்து எழுதிவையுங்கள். விட்டுவிட்டால் புரோகிராம் ஓடும் சர்வரின் ஜோனை அது எடுத்துக்கொள்ளும், சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் கணக்கு மாறக்கூடாது.

பணத் தொகை

1,25,000.50 என்பதில் கமாவை நீக்கினால் போதும் என்று தோன்றும். நீக்கும் முன் கமா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். லட்ச முறை, மில்லியன் முறை இரண்டிலும் கடைசிக் கமாவுக்கும் புள்ளிக்கும் நடுவில் மூன்று இலக்கம் இருக்கும். 1.250,00 என்று வந்தால் அது ஐரோப்பிய முறை, கமாவை நீக்கினால் ஆயிரத்து இருநூற்றைம்பது ஒன்றேகால் ரூபாயாகிவிடும். அப்புறம் "ரூ.", "₹", கடைசியில் "/-" எல்லாம் இருக்கும். இணையப் பக்கத்திலிருந்து எடுத்த டேட்டாவில் ரூபாய் குறிக்கும் எண்ணுக்கும் நடுவில் இருப்பது சாதாரண இடைவெளி மாதிரியே தெரியும் வேறு எழுத்தாக இருக்கலாம், பைத்தானின் ஸ்ட்ரிப் அதை நீக்கும், எக்ஸ்பாத்தின் நார்மலைஸ் ஸ்பேஸ் நீக்காது. டேலியில் டெபிட் தொகைகள் மைனஸ் குறியோடு வரும், அளவுகள் யூனிட்டோடு சேர்ந்து "10 நாஸ்" என்று வரும், ரேட்டில் சாய்கோட்டுக்கு அப்புறம் யூனிட் ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றை எண், யூனிட் என்று இரண்டாகப் பிரித்து இரண்டையுமே வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிலோவையும் டஜனையும் கூட்டினால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

பைத்தானில் கவனிக்க

இன்ட், ஃப்ளோட், டெசிமல் மூன்றுமே நாம் நினைப்பதை விட தாராளமானவை. 1_000 என்று நடுவில் அடிக்கோடு இருந்தாலும் ஆயிரம் என்று ஏற்கும். தமிழ் இலக்கத்தில் ௧௨ என்று இருந்தாலும் 12 என்று ஏற்கும், ஆனால் ௰ என்ற பத்துக்கான குறியை ஏற்காது. ஃப்ளோட்டும் டெசிமலும் நான், இன்ஃபினிட்டி என்ற ஆங்கிலச் சொற்களையும் எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஸ்கீமாவின் இன்டிஜர் இலக்கங்களில் 0 முதல் 9 வரை உள்ளவற்றை மட்டுமே ஏற்கும். எனவே மாற்றும் முன் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளின் அமைப்பைச் சோதிக்கும் குறியீடு) வடிவத்தைச் சரிபாருங்கள், அதிலும் பின்சாய்கோடு டி-யைப் போடாமல் 0-9 என்றே எழுதுங்கள். முன்னது தமிழ் இலக்கத்தையும் உள்ளே விடும்.

பைத்தானில் அட்டவணை டேட்டாவுக்கான லைப்ரரி பாண்டாஸ். அதன் ரீட்_எக்ஸ்எம்எல் 2021-இல் 1.3 பதிப்பில் வந்தது, எந்தக் காலம் (அட்டவணையின் நெடுவரிசை) என்ன டைப் என்று சொல்லும் டிடைப் வசதி அடுத்த வருடம் 1.5-இல்தான் சேர்ந்தது. அதைக் கொடுக்காமல் படித்தால் 044 போய் 44 வரும், ஒரே ஒரு பின்கோடு காலியாக இருந்தாலும் மற்றதெல்லாம் 600004.0 என்று தசமமாகிவிடும். எல்லாக் காலத்துக்கும் ஸ்ட்ரிங் என்று கொடுத்துப் படியுங்கள். எல்எக்ஸ்எம்எல்லின் ஆப்ஜெக்டிஃபையும் இப்படித்தான் ஊகித்துக்கொண்டே போகும். எக்ஸ்எம்எல்டிக்ட் ஊகிக்காது, ஆனால் அதில் வேறு சங்கதி: ஆர்டருக்குள் ஒரு பொருள் இருந்தால் டிக்ட், இரண்டு இருந்தால் லிஸ்ட். ஃபோர்ஸ்_லிஸ்ட் கொடுத்து எப்போதும் லிஸ்ட்டாக வாங்குங்கள்.

எக்செல் பவர் க்வெரி வழியாக எடுப்பவர்கள் அது தானாகச் சேர்க்கும் டைப் மாற்றும் ஸ்டெப்பை முதல் வேலையாக நீக்கிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 10-ஆம் பதிப்பிலிருந்து எக்ஸ்எம்எல்டேபிள் இருக்கிறது, காலங்களுக்கு டைப் சொல்லியே ஆக வேண்டும், அங்கே முதல் சுற்றில் டெக்ஸ்ட் என்றே சொல்லுங்கள்.

எழுத்திலும் ஒரு சிக்கல்

ஸ்ட்ரிங்காக விட்டுவிட்டோம், இனி கவலையில்லை என்று நினைக்க வேண்டாம், தமிழ் டேட்டாவில் இது தனி. கொரட்டூர் என்பதன் "கொ" இரண்டு விதமாக ஃபைலில் இருக்கலாம்: க-வோடு ஒரே ஒகரக் குறி, அல்லது க-வோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. ஒரே பகுதி ரிப்போர்ட்டில் இரண்டு வரியாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். படித்தவுடன் எல்லாத் தமிழ் எழுத்தையும் என்எஃப்சி (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாக வைக்கும் யூனிகோட் முறை) வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலிலும் எக்ஸ்பாத் 2.0-இலும் அதற்கு ஃபங்ஷன் உண்டு.

சரி, வேலையை எந்த வரிசையில் செய்வது

முதலில் ஃபைல் முழுவதையும் ஸ்ட்ரிங்காகவே படியுங்கள். ஒன்றையும் மாற்ற வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு டேக்குக்கும் வடிவக் கணக்கு எடுங்கள்: மதிப்பில் உள்ள எல்லா இலக்கத்தையும் 9 என்றும் எல்லா எழுத்தையும் அ என்றும் மாற்றிவிட்டு எந்த வடிவம் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். பின்கோடில் 999999 பத்தாயிரம் தடவை, 999 999 நாற்பது தடவை, காலி மூன்று, "அஅஅ" ஒன்று என்று வந்தால் ஃபைலின் குணம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் மேலே போகவே கூடாது என்பேன். ஸ்கீமா இல்லாத குறையில் பெரும்பகுதியை இதுவே ஈடுகட்டும்.

அந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் சொந்த டைப் பட்டியலை எழுதுங்கள். டேக் எது, கூட்டுவதா கூப்பிடுவதா, டைப் என்ன, ஏற்கும் வடிவம் என்ன, காலியாக இருக்கலாமா, மாறாவிட்டால் என்ன செய்வது. இதைக் கோடுக்குள் பத்து இடத்தில் சிதறவிடாமல் ஒரே இடத்தில் வையுங்கள். உதாரண ஃபைலைக் கொடுத்தால் ஸ்கீமாவை ஊகித்து எழுதித் தரும் கருவிகள் உண்டு, டாட்நெட்டிலேயே ஒன்று இருக்கிறது, ஆரம்பிக்க உதவும்தான். ஆனால் அவையும் மதிப்பைப் பார்த்து ஊகிப்பவையே, பின்கோடை முழு எண் என்றே எழுதித் தரும், நீங்கள் கையால் திருத்த வேண்டும்.

சில ஃபைல்களில் டைப் பற்றிய குறிப்பு உள்ளேயே இருக்கும். டேலி எக்ஸ்போர்ட் சிலவற்றில் டைப் என்ற அட்ரிபியூட் (தொடக்க டேக்கிலேயே எழுதும் குறிப்பு) வரும், எக்செல் 2003-இன் எக்ஸ்எம்எல் வடிவத்தில் ஒவ்வொரு செல்லுக்கும் நம்பரா ஸ்ட்ரிங்கா என்று எழுதியிருக்கும், எக்ஸ்எஸ்ஐ டைப் என்று குறித்தும் அனுப்புவார்கள். ஸ்கீமா இல்லாமல் படிக்கும் கருவிக்கு இவை சும்மா இன்னொரு அட்ரிபியூட்தான், தானாக எதுவும் மாறாது. நீங்கள் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அதுவும் யாரோ ஒருவரின் முடிவு என்பதால் வடிவக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பிறகு மாற்றுங்கள், ஒரே ஒரு முறை, உள்ளே நுழையும் வாசலிலேயே. மாறிய மதிப்புக்குப் பக்கத்திலேயே அசல் ஸ்ட்ரிங்கையும் வைத்திருங்கள். மாறாதவற்றை மௌனமாகத் தள்ளிவிடாமல் ஆர்டர் எண், டேக் பெயர், அசல் மதிப்பு, காரணம் என்று தனிப் பட்டியலில் போடுங்கள். முடிந்ததும் இரண்டு கணக்கு சரிபாருங்கள்: உள்ளே வந்த ஆர்டர்களின் எண்ணிக்கை என்பது மாறியவையும் தள்ளியவையும் சேர்ந்ததற்குச் சமமா, தொகையின் மொத்தம் அனுப்பியவர் வைத்திருக்கும் அன்றைய மொத்தத்தோடு பொருந்துகிறதா. தள்ளிய பட்டியலை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள். ஆர்டர் எண்ணோடு போனால் பெரும்பாலும் அன்றைக்கே திருத்தி அனுப்பிவிடுவார்கள், "உங்க ஃபைல் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எதையும் திருத்துவதில்லை.

கடைசியாக, நீங்களும் அடுத்தவருக்கு எக்ஸ்எம்எல் எழுதுவீர்கள். அதில் தொகைக்குக் கமா வேண்டாம், ரூபாய் குறியை அட்ரிபியூட்டில் வையுங்கள், தேதியை வருடம் முதலாக எழுதுங்கள், நேரம் இருந்தால் +05:30 சேருங்கள், கட்டியாச்சு என்பதற்கு 1 அல்லது 0 மட்டும். உங்கள் டைப் பட்டியலையும் கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக இணைத்து அனுப்புங்கள்.